கைப்பையில் ஒளித்த சொக்கலேட் பால்

என் அலுவலகத்தில் ஆறு பேர் தினமும் காலை ஏழரைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆறு பேரும் தாதியர். கையில் சீருடைப் பை, மதியச் சாப்பாடு. மாலையில் வேலை முடிந்தவர்களைப் போலக் களைத்த முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள். அவர்களுக்கு வேலை கிடையாது. அதை இல்லாமல் செய்தவள் நான்.

நம் கோயில் அடியார்களுக்கு என் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். அனுபவம் என்றால் பக்தியில் முதிர்ந்தவர்கள் எழுதுவது என்று நினைத்திருந்தேன். இது விரதத்தை முறிக்கப் போனவளின் கதை. இருந்தாலும் நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

இருபத்துநான்கு வருடம் தாதியாக இருந்தேன். கடைசியில் வார்ட் சிஸ்டர். முழங்கால் இரண்டும் ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு நானும் கொடுத்தேன். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஐந்தாம் தளத்தில் சின்ன அறை எடுத்து, வெளிநாட்டு மருத்துவ நிலையங்களுக்குத் தாதியரை அனுப்பும் நிறுவனம் தொடங்கினேன். அனுமதிப்பத்திரத்தைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். எது பெரிய சட்டம் என்று கேட்காதீர்கள்.

இங்கிலாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் முதல் ஆறு பேரையும் தெரிவு செய்தது. விசா இறுதிக் கட்டம் என்று மின்னஞ்சல் வந்தது. நோயாளிக்கு "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இது. "கடிதத்தைக் குடுங்கோ பிள்ளையள், ஒரு மாத நோட்டீஸ் முடியேக்கை விசா கையில இருக்கும்" என்றேன். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போன நல்ல நாளில் ஆறு பேரும் தங்கள் மருத்துவமனைகளில் வேலையை விட்டார்கள். அந்த மாதம் முடிய மறு மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பங்கள் மீளாய்வில், திகதி சொல்ல முடியாது. பழைய இடங்களில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வெளிநாடு போகிற கதையை விமானம் ஏறும்வரை யாருக்கும் சொல்லாமல் இருப்பது நம் வழக்கம். கண்ணூறு பட்டுவிடும். வேலையை விட்டதையே ஆறு பேரும் வீட்டில் சொல்லவில்லை. ஆகவே தினமும் "வேலைக்கு" வந்தார்கள், என்னிடம். சீருடை அழுக்காகாவிட்டால் அம்மா சந்தேகப்படுவா என்று தர்சிகா புறப்படுமுன் கொஞ்சம் தேத்தண்ணியைத் தெளித்துக்கொள்வாள். ஆறு பேரில் வாய்க்காரி அவள்தான்.

"சிஸ்டர், இண்டைக்கு மெயில் ஏதும் வந்ததோ?"

"பாத்துக்கொண்டிருக்கிறன் பிள்ளை."

"நீங்கள் பாக்கிறதைத்தான் நாங்களும் ரெண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறம்."

அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆனால் என் மேசையைத் துடைத்தார்கள். என் இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். அது ஏறியிருந்தது என்று எல்லாருமாகக் கவலைப்பட்டார்கள். எழுந்து ஓட முடியாது. அவர்கள் முன்னால் அழவும் முடியாது. கழிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் அழுதேன். பிரார்த்தனையும் அங்கேதான். முருகனுக்கு நான் சொன்னவை வார்ட்டில் எழுதும் குறிப்புகள் போலவே இருந்தன. ஆறு விசா. இந்தக் கிழமைக்குள். தவறாமல்.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் பகலில் ஒன்றும் எடுக்காமல் இரவில் பாலும் பழமும் மட்டும் என்று நேர்ந்துகொண்டேன். மூன்றாம் நாள் மதியம் விரதமில்லாத ஒருத்தி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். கத்தரிக்காய்க் குழம்பு. என் உறுதி அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தது. காலையிலேயே கைப்பையில் உறிஞ்சுகுழல் ஒட்டிய ஒரு சின்னப் பக்கெட் சொக்கலேட் பால் ஒளித்து வைத்திருந்தேன். இரவில்தான் என்றாலும், பால் விரதத்துக்கு ஆகும். சொக்கலேட்டைப் பற்றிச் சாத்திரம் ஒன்றும் சொல்லவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் ஒரு தூணின் பின்னால் நின்று குடிப்பது என் திட்டம்.

லிஃப்டில் ஏறினேன். நான்காம் தளத்தில் கந்தையா ஐயா ஏறினார். ஓய்வுபெற்ற கணக்காளர், எண்பது வயது, அங்கே தனியே குடியிருப்பவர். மகள் கனடாவில். மூன்றாம் தளத்தைத் தாண்டும்போது மின்சாரம் போனது. இருட்டு. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. அதன் வெளிச்சத்தில் அவரைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை. கை நடுங்கியது.

"ஐயா, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. சஷ்டி விரதம். காலைமை தொடக்கம் பச்சைத்தண்ணியும் இல்லை."

"உங்களுக்குச் சீனி வருத்தமெல்லோ? இன்சுலின் போட்டனீங்களோ?"

"ஓம், போட்டனான். ஊசி சாப்பாடில்லைத்தானே?"

இருபத்துநான்கு வருடம் இதைப் பார்த்தவள் நான். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் சீனி எவ்வளவு வேகமாக இறங்கும் என்று எனக்குத் தெரியும். மயங்கிவிட்டால் வாயால் ஒன்றும் கொடுக்க முடியாது. பக்கெட்டைத் திறந்து நீட்டினேன்.

"இது என்ன?"

"சொக்கலேட் பால்."

"நான் விரதமடா பிள்ளை." அவருக்கு நாக்குக் குழறத் தொடங்கியிருந்தது. அவர் சுவரோடு சரிந்து கீழே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் உண்மையாகப் பிரார்த்தித்தேன். விசா நினைவுக்கே வரவில்லை. முருகா, இந்த மனுசன் வாயைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

"ஐயா, நானும் விரதம். இதைக் களவாக் குடிக்கத்தான் கீழ போனனான். பாவம் முழுக்க எனக்கு. நீங்கள் குடியுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். "நீயும் ஒரு விரதக்காரி" என்று சொல்லிவிட்டு உறிஞ்சினார்.

நான் செருப்பைக் கழற்றிக் கதவில் அடித்து, ஒரு ஐயாவுக்குச் சுகமில்லை என்று கத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே படிகளில் பல கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. பிறகு தர்சிகாவின் குரல்.

"சிஸ்டர், ஆருக்கு? கதைக்கிறாரோ?"

"சீனி இறங்கினது. கதைக்கிறார். காவலாளியைக் கூட்டிக்கொண்டு வா, லிஃப்ட் கதவுத் திறப்பு அவரிட்ட இருக்கு."

கதவைத் திறந்தபோது லிஃப்ட் தளத்துக்குக் கீழே அரைவாசியில் நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆறு முகங்கள் குனிந்து என்னைப் பார்த்தன. மூன்று நாளாக ஆறுமுகா, ஆறுமுகா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான்.

ஒருத்தி இரத்தத்தில் சீனி பார்த்தாள். ஒருத்தி சோறு ஊட்டினாள். ஒருத்தி அவருடைய வைத்தியருடன் பேசினாள். அன்று மாலை அவருடைய மகள் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தா. "அன்ரி, அந்தப் பிள்ளையளில ஒராள் அப்பாவோட நிக்க மாட்டாவோ?" அழுதுகொண்டே கேட்டா.

எனக்கு உறைத்தது அப்போதுதான். என் காலடியில் நான்கு தளம். ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் கடல் கடந்து போன ஒரு அப்பா அல்லது அம்மா. நானோ இங்கிலாந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முன் ஆறு பேருக்கும் முதியவர்களை வீட்டோடு பராமரிக்கும் வேலை இருந்தது. வெள்ளவத்தையில் நால்வர், கொட்டாஞ்சேனையில் இருவர். வீட்டில் உண்மையைச் சொல்லச் சொன்னேன். தர்சிகாவின் அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாவாம்: "தேத்தண்ணிக் கறை எண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும். நீ சொல்லட்டும் எண்டுதான் ஒவ்வொரு வெள்ளியும் அம்மனுக்கு விளக்கு வைச்சனான்." நான் மட்டும்தான் பிரார்த்திக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

விசாவும் வந்தது, சித்திரையில், நான் கேட்பதை நிறுத்திய பிறகு. நால்வர் போனார்கள். இருவர் நின்றுவிட்டார்கள். வீட்டுப் பராமரிப்புப் பகுதியை இன்று தர்சிகா நடத்துகிறாள், என்னையும் சேர்த்து. பஞ்சாங்கம் எத்தனை ஒத்துப்போனாலும் விசா கையில் வராமல் எங்களிடம் யாரும் வேலையை விடக் கூடாது. அது சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

ஒரு மூலையில் அடைபட்டிருக்கும் அடியார்களுக்கு ஒன்று சொல்வேன். கேளுங்கள். ஆனால் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று முருகனுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்காதீர்கள். நம் பக்தியில் மட்டுமல்ல, நம் பலவீனத்திலும் அவன் மருந்து வைத்திருப்பான். இன்சுலின் போடுபவர்கள் விரதத்துக்கு முன் வைத்தியரையும் கேளுங்கள். அவரையும் அவன்தான் அனுப்பியிருக்கிறான்.

ஒவ்வொரு சஷ்டிக்கும் என் கைப்பையில் இன்றும் ஒரு பக்கெட் சொக்கலேட் பால் இருக்கும். யாருக்காவது தேவைப்படும்வரை அதைத் திறக்காமல் வைத்திருப்பதுதான் இப்போது என் விரதம்.