டைட் பண்ணிட்டேன், சிஸ்டர்

போன சனிக்கிழமை, மாலை நாலு பத்து. மணியைக் குறித்துவைத்திருக்கிறேன். கோபப்பட்டால்கூடக் கிழமை, நேரம் போட்டுத்தான் படுவேன் என்பது வாராவாரம் இங்கே படிக்க வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

இடம், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் வீட்டு கராஜ் வாசல். ஒரு பெரிய குப்பைத் தொட்டி நிறையத் தண்ணீர். அதன் விளிம்பைக் கவ்விக்கொண்டு, ஓட்டிப் பார்ப்பதற்காக, என் படகு மோட்டார். ஐந்தரைக் குதிரைத்திறன். அறுபதுகளில் செய்தது – என்னைவிட மூத்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது, ஒரு சின்ன அலுமினியப் படகோடு சேர்த்து வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து அது ஓடியதே இல்லை.

அதற்கென்ன, மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாமே என்கிறீர்களா? எங்கள் ஏரிச் சங்கத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. அடுத்த சீசனிலிருந்து பெட்ரோல் மோட்டார் கூடாது, பேட்டரி மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள். இந்த சீசனின் கடைசி நாள், மறுநாள் ஞாயிறு. என் கிழட்டு மோட்டார் அந்தத் தண்ணீரில் ஒரு முறையாவது ஓட வேண்டுமென்றால் அந்த ஒரு நாள்தான்.

கோளாறு கார்ப்பரேட்டரில். பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம் – பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பாகம். அதற்குள் தக்கையால் செய்த ஒரு மிதவை. இந்த ஊர் பெட்ரோலில் கலக்கும் எத்தனால், தக்கையின் மேல்பூச்சைக் கரைத்துக் கோந்தாக்கி, ஊசித்துளைகளையெல்லாம் அடைத்திருந்தது.

ஆறு வீக்எண்ட் உழைத்தேன். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போட்டோ. தேதி எழுதிய ஜிப்லாக் பை. க்ளீனரில் ஊறவைத்து, துளை துளையாகக் காற்றடித்து... புது மிதவை, புது கேஸ்கெட். சும்மாவா, மருந்துக் கம்பெனியில் தர ஆவணம் பார்ப்பவள் நான். எங்கள் ஆலையில் ஒருவர் வால்வைத் தொட்டால் அவர் கையெழுத்தும் நேரமும் இல்லாமல் அடுத்த வேலை நகராது.

இருப்பதிலேயே நுட்பமானது ஊசி. கூர்முனை வைத்த ஒரு திருகு. அது எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு பெட்ரோல். இரண்டு விரலால் மூடி, முனை தொட்டது தெரிந்த கணமே நிறுத்தி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறக்க வேண்டும். அழுத்தி மூடினால் முனையில் பள்ளம் விழும், அது உட்காரும் துளை அகன்றுவிடும். அப்புறம் அளவு என்ற பேச்சே கிடையாது.

சனிக்கிழமை ஊசியை அப்படி வைத்து முடித்திருந்தேன். அப்போதுதான் பாலாஜி வந்தார். என் கணவர் சுந்தரின் கல்லூரித் தோழர். ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்க்கில் ஐடி வேலை.

"என்ன சிஸ்டர், ஸ்பானரும் கையுமா? டேய் சுந்தர், வீட்ல ஆம்பளைன்னு நீ எதுக்குடா இருக்கே?"

"நான் கிச்சன் டிபார்ட்மெண்ட்டுடா. இரு, டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

"உன் டீயா? வேணாம்ப்பா. சிஸ்டர் கையால ஒரு டீ!"

மோட்டாருக்கு அடியில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. கார்ப்பரேட்டரின் அடியில் இருக்கும் பெட்ரோல் கிண்ணத்தின் ஸ்க்ரூ ஒன்றை இன்னும் கால் சுற்று திருப்பினால் போதும். வந்து பார்த்துக்கொள்ளலாம்.

"எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனேன். போனேன் பாருங்கள்!

திரும்பி வந்தால், அவர் கையில் பிளையர்.

"சொட்டிட்டே இருந்துச்சு. டைட் பண்ணிட்டேன், சிஸ்டர்."

எதை? ஊசியை. பிளையரால். சொட்டாவது நின்றதா? அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

"தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"உங்க பேங்க்ல, ப்ரொடக்‌ஷன்ல, ஓடிட்டிருக்கிற சாஃப்ட்வேர்ல, அப்ரூவல் இல்லாம ஒரு லைன் மாத்துவீங்களா?"

"ஐயையோ, வேலையே போயிடும். அது ப்ரொடக்‌ஷன், சிஸ்டர்."

"அப்ப இது?"

"இது... உங்க ஹாபிதானே?"

ஹாபி!

"விடு மீரா, ஹெல்ப் பண்ணணும்னுதானே செஞ்சான்" என்றார் கணவர்.

நம் ஆட்களுக்கு எந்திரவியலில் தெரிந்த ஒரே பாடம் சென்னைக் குழாய். சொட்டினால் இறுக்கு. வாஷர் கிழிந்து இன்னும் சொட்டினால், இன்னும் இறுக்கு. எது சொட்டுகிறது, ஏன் சொட்டுகிறது, அது யாருடையது – இந்த மூன்று கேள்வியும் அதில் கிடையாது. அதுவும் எதிரில் ஸ்பானரோடு நிற்பது பெண் என்றால், அவள் "தொடாதே" என்பது அவர்கள் காதில் "கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றுதான் விழும்போலிருக்கிறது. நிறைய வரலாறு படிக்கிறவள் நான். பெரிய பெரிய நாசங்களின் முதல் பக்கத்தில் யாராவது ஒருவர் ஹெல்ப் பண்ண வந்திருப்பார்.

பாலாஜி கிளம்பியதும் ஊசியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முனையைச் சுற்றி மோதிரம் போலப் பள்ளம். எமரி பேப்பரில் தேய்த்துச் சரிசெய்ய முயன்றேன். ஊசி ஓரளவு தேறியது. துளையை என்ன செய்வது? அந்தப் பாகம் செய்வதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

ஞாயிறு காலை பதினொன்று ஐந்துக்குப் படகை இறக்கினோம். ஒன்பதாவது முறை கயிற்றை இழுத்ததும் நீலப் புகையோடு உயிர் வந்தது. ஓடியது! கை ஊசியிலேயே இருந்தது. ஒரு மயிரிழை திறந்தால் பெட்ரோலில் மூழ்கித் திணறியது. மூடினால் பட்டினியில் இருமியது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடம் போயே போய்விட்டது. நாலு நிமிஷம் இருபது நொடி. ஏரியின் நடுவில் நின்றது. கை மரத்துப்போகும்வரை இழுத்தேன். அவ்வளவுதான்.

தூரத்தில் வேறு யாரோ ஒருவருடைய பழைய மோட்டார் டுபுடுபுவென்று போய்க்கொண்டிருந்தது.

துடுப்பை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் கணவர் தொண்டையைச் செருமினார்.

"அவன் பிளையர எடுக்கும்போதே நான் தடுத்திருக்கணும்."

துடுப்பை நிறுத்தினேன். "நீங்க பாத்துட்டா இருந்தீங்க?"

"கெஸ்ட்டாச்சே மீரா... எப்படிச் சொல்றது..."

மறுபடி துடுப்பைப் போட்டேன். கரை இன்னும் கால் மைல்.

"சரி, நீ டயர்டா இருக்கே, குடு" என்று எட்டித் துடுப்பைப் பிடித்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கேட்டுவிட்டுத் தொடுங்கள் – இல்லாவிட்டால் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்.