மஞ்சள் விளக்கும் கறுப்பு ரேப்பும்

கார் வாங்கி மூன்றாவது கிழமை, ஒரு திங்கட்கிழமை காலை, மீற்றருக்குக் கீழே மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. குதிரை லாடம் போல ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. ரயரில் காற்றுக் குறைந்தால் எரிகிற விளக்கு அது, சில்லுக்குள்ளேயே அதற்கொரு சென்சர் இருக்கிறது என்று விற்றவர் சொல்லியிருந்தார். எனக்கு முன் இரண்டு பேர் ஓடிய கார். நான் நாற்பத்திரண்டு வயதில் லைசன்ஸ் எடுத்தவள்.

முள்ளியவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். கண்டாவளையில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். தருமபுரத்தில் இரண்டு ஆசிரியைகள் ஏறுவார்கள். அன்று பின்னேரம் அவர்களை இறக்கிவிட்டு நேரே பரந்தனுக்குப் போய், சில்லு ஒட்டுகிற கடையில் காரை நிறுத்தினேன். கடைக்காரர் நாலு சில்லையும் அளந்தார்.

"நாலிலயும் முப்பத்திரண்டு இருக்கு ரீச்சர். காத்துக் குறையேல்லை. பழைய கார்தானே, சென்சரின்ர பற்றரி செத்திருக்கும். உதுக்குப் போய் யோசிக்காதேங்கோ."

சொல்லிக்கொண்டே கறுப்பு ரேப்பில் ஒரு துண்டு கிழித்து விளக்குக்கு மேல் ஒட்டிவிட்டார்.

ஒரு கிழமை அப்படியே ஓடினேன். விசுவமடு தாண்டி வெறும் வெளி வருகிற இடத்திலெல்லாம் என் கண் அந்த ரேப்பிலேயே போய் நின்றது. எப்போதும் எரிந்துகொண்டிருக்கிற விளக்கு, உண்மையாகவே ஒரு நாள் காற்றுப் போனால் எனக்கு என்னத்தைச் சொல்லும்? அடுத்த ஞாயிறு நகத்தால் சுரண்டி ரேப்பை உரித்தேன். பசை போக மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டியிருந்தது.

வயலிலிருந்து வந்த கணவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ர உழவு மெசினில ஒரு லைட்டும் இல்லை. இருபது வருசமா ஓடுது."

"உங்கட மெசின் எண்பது கிலோமீற்றர் வேகத்தில ஓடுறேல்லை. ரெண்டு ரீச்சர்மாரை ஏத்துறதும் இல்லை."

அவர் கால் கழுவப் போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து நானே அளந்தேன். வெயில் ஏறினால் ரயரில் காற்றின் அளவு கூடிக் காட்டும் என்பதால், விடிந்ததும் கார் அசைவதற்கு முன்னமே குந்தியிருந்து ஒவ்வொரு சில்லாகப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதினேன். சீலை கசங்கியது, கை கறுத்தது. ஐந்து நாளும் நாலு சில்லிலும் ஒரே கணக்கு. விளக்கு மட்டும் அணையவில்லை.

சனிக்கிழமை வவுனியாவுக்குப் போனேன். அங்கே ரயர் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் நானாவிடம் சென்சரோடு பேசுகிற கருவி ஒன்று இருக்கிறது என்று சக ஆசிரியை ஒருவர் சொல்லியிருந்தார். நானாவுக்கும் என் வயதுதான் இருக்கும். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தப் பக்கம்தான் எங்கட வீடு இருந்தது. மூண்டாம் வகுப்பு மட்டும் அங்க படிச்சனான். பிறகு புத்தளம்."

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றிய கதை அது. கருவியை எடுத்துக்கொண்டு முன் சில்லுக்குப் போனார். கருவி பீப் என்றது. அடுத்ததும், அதற்கடுத்ததும், நாலாவதும் அப்படியே.

"நாலு சென்சரும் உயிரோட இருக்கு ரீச்சர். பற்றரியும் நல்லம். அப்ப சென்சர் சொல்லுறதைக் கேக்கிற பெட்டி காருக்குள்ள இருக்கு, அதுதான் பழுது போல. கொழும்பில தேடோணும். கிடைக்குமெண்டு சொல்லேலாது."

பரந்தன்காரர் சொன்னது பிழை என்பது உறுதியாகிவிட்டது. இதுவும் ஊகமாக இருக்கலாம் என்று பட்டது.

"நானா, காரின்ர கொம்பியூட்டரில என்ன பதிஞ்சிருக்கு எண்டு அதில பார்க்கலாமோ?"

"பார்க்கலாம்."

வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டினார். திரையில் நீளமான இலக்கங்கள் வரிவரியாக வந்தன. ஒவ்வொரு சென்சருக்கும் ஒரு இலக்கமாம். விரல் வைத்து எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

"சில்லு நாலு. இதில ஏன் அஞ்சு வரி?"

அவர் கருவியைக் கையில் வாங்கி ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்தார்.

"டிக்கியைத் திறவுங்கோ ரீச்சர்!"

டிக்கிக்குள் தவணைப் பரீட்சைத் தாள்கள் இரண்டு கட்டும், கணவர் ஏற்றிவிட்டு இறக்க மறந்த விதைநெல் மூட்டையும் இருந்தன. இருவருமாகத் தூக்கி வெளியே வைத்துத் தரைப் பலகையைக் கிளப்பினோம். மேலதிகச் சில்லு அங்கே கிடந்தது. கருவியைப் பிடித்ததும் அதுவும் பீப் என்றது. அளந்தால் எட்டு. முப்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணி ஏறி அந்த வெளியில் நின்றிருந்தால், இந்தச் சில்லை எடுத்து மாட்டி என்ன செய்திருப்போம்?

நானா காற்றடித்தார். விளக்கு அணையவில்லை. வால்வில் சவர்க்காரத் தண்ணீர் விட, சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. ரயரைக் கழற்றி, வால்வின் ரப்பரை மாற்றி, திரும்பக் காற்றடித்து அதன் இடத்தில் வைத்தார். அப்போதும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

"கொஞ்சம் ஓடினாத்தான் காருக்கு விளங்கும். வாங்கோ, நானும் வாறன்."

கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு முன் சீற்றில் ஏறினார். ஏ-ஒன்பது வீதியில் வடக்கே திரும்பினேன். இருவரும் றோட்டைப் பார்த்ததைவிட அந்த மஞ்சளைப் பார்த்ததுதான் கூட. தாண்டிக்குளம் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் அது சத்தமில்லாமல் போய்விட்டது.

"போட்டுது!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பின்னால் வந்த பஸ் கோன் அடித்தது. வேகத்தை நான் அறியாமலே குறைத்திருக்கிறேன்.

அவரைக் கடையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது கணவர் முற்றத்தில் நின்றார்.

"என்னவாம்?"

"ஸ்பெயார் சில்லில காத்தில்லை."

"அதுக்கும் சென்சரோ?" என்றவர், டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "விதைநெல் மூட்டை எங்க?" என்று கேட்டார்.

வவுனியாவில், ரயர் கடை வாசலில் இருந்தது. பரீட்சைத் தாள்களும் அங்கேதான்.