பனியிலிருந்து மீட்கப்பட்டவர்

கொத்துரொட்டி போடும்போது மகேந்திரராசா முழங்கால்களைச் சற்று மடித்து, முதுகை முன்னே சாய்த்து நிற்பார். தகடுகள் இரண்டும் இரும்புக் கல்லில் தாளம் போட, உடல் பாரம் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறும். வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். கண் ரொட்டியில் இருக்காது. எதிர்ச்சுவரில் ஏதோ ஒரு புள்ளியில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் மனிதருக்கு மூலவருத்தம் என்று நினைக்கிறார்கள். ஒருமுறை ஓர் அம்மா பரிவோடு கைமருந்தும் சொன்னார். இவரும் மறுக்காமல் முழுவதையும் கேட்டு, "ஓம் அக்கா, செய்து பாக்கிறன்" என்றார்.

அது மூலமல்ல, பனிச்சறுக்கு. பாரிஸில், ரூ லூயி-பிளாங் தெருவில், அவர் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் விமான டிக்கெட் விற்கிற எனக்கு அது தெரியும். சென்னைக்கும் கொழும்புக்கும் ஆட்களை அனுப்பியே நரைத்துப்போன என்னிடம், ஆல்ப்ஸ் மலைக்குள் இத்தாலி எல்லைப் பக்கமாக ஒளிந்து கிடக்கும் ஒரு சிற்றூருக்கு எப்படிப் போவது என்று கேட்ட ஒரே தமிழர் இவர்தான். அதுவும் போவதற்காகக் கேட்கவில்லை. எந்த ரயிலில் ஏறி எங்கே இறங்கி எந்த பஸ் பிடிக்கவேண்டும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊரின் பெயரை இன்னொரு வாய் சொல்லக் கேட்கவேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

தானாக அந்தப் பெயரைச் சொல்லமாட்டார். "மேலை" என்பார், மேலே இருக்கிற ஊர் என்று. கட்டையான, தோள் அகன்ற மனிதர், ஐம்பதைத் தாண்டிவிட்டார். கடையின் இரும்புக் கதவைத் தூக்குவதற்கு முன்பு கைபேசியில் அந்த ஊரின் பனி நிலவரத்தைப் பார்ப்பது வழக்கம். "மேலை இரவு நல்லாக் கொட்டியிருக்குது, தம்பி" என்று என்னிடம் சொல்லுவார். மற்றவர்கள் மருமகளுக்குப் பிள்ளை பிறந்ததை இப்படிச் சொல்லுவார்கள். மத்தியான ஓய்வில் தெருக்கோடிக் கால்வாய் வரைக்கும் நடந்துபோய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவார். "உதெல்லாம் தண்ணியே? நித்திரை கொள்ளுது."

இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசியில் அந்த ஊர் ஓட்டல் ஒன்றின் சமையலறைக்கு ஒரு சீசனுக்கு ஆள் கேட்டார்கள் என்று போனார். வேலைக்காகத்தான் போனார், அதில் பொய்யில்லை. ஓட்டல் முதலாளி லூசியன், நல்ல வாட்டசாட்டமான கிழவர், ஒரு விடுமுறை நாளில் இவருடைய காலில் இரண்டு பலகைகளைப் பூட்டிச் சரிவில் நிறுத்திவிட்டார். "காலமையிலை இருந்து விழுந்தன், தம்பி. விழுந்து எழும்பி விழுந்து எழும்பி, பின்னேரம் ஒருக்கா விழாமல் அடிக்கு வந்திட்டன். திரும்பிப் பாத்தால் அவ்வளவு பெரிய மலை. அதிலை இருந்தே நான் வந்தனான் எண்டு எனக்கே நம்பேலாமல் கிடந்தது." இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும், களவைச் சொல்பவர்போல.

சீசன் முடிந்ததும் திரும்பியிருக்கவேண்டும். பாரிஸில் எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் பழைய வேலை காத்திருந்தது. ஆனால் பனி உருகி ஆறு பொங்கத் தொடங்கியிருந்தது. லூசியன் இவரைக் கயாக் என்கிற ஒற்றை ஆள் படகில் ஏற்றிவிட்டார். நீந்தவும் சரியாகத் தெரியாத மனிதர். "ஆறு இழுக்குது எண்டு சனம் சொல்லும். அது இழுக்கிறேல்லை, தம்பி. என்ன செய்யப்போறாய் எண்டு கேக்கும். துடுப்பாலை மறுமொழி சொல்லவேணும்." இவர் மறுமொழி சொல்லத் தொடங்கி, அங்கேயே குடியேறிவிட்டார். மனைவியிடம், பாரிஸ் கடையில் ஆள் குறைத்துவிட்டார்கள், இனி மேலேதான் பிழைப்பு என்று சொல்லிவிட்டார்.

இந்தப் பொய்க்காக அவரை அடிக்கவேண்டும் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. ஆனால் நியாயமாகவும் பார்க்கவேண்டும். சறுக்கி விளையாடவும் படகு விடவும் மலைக்குக் குடிபோகிறேன் என்று எங்கள் ஆட்களில் எந்த ஆண்பிள்ளை வீட்டில் சொல்லுவான்? கஷ்டப்பட வந்த சனம் நாங்கள். கஷ்டப்படாத நாளுக்குத்தான் காரணம் சொல்லவேண்டும். சுகமா என்று கேட்டால் "ஏதோ இருக்கிறம்" என்பதுதான் மரியாதையான பதில். நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டால் கண்ணூறு பட்டுவிடும். அதிலும் ஊரில் போர் முடிந்து ஓராண்டுதான், லா சப்பலில் இழவு விழாத வீடே இல்லை. தேநீர் குடிக்கும்போது ஒருவன் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலே நாலு பேர் திரும்பிப் பார்த்த காலம். அந்தக் காலத்தில் போய், நான் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று அவர் எப்படிச் சொல்லுவார்?

அதனால் மனைவி கோசலை பாரிஸ் புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் முறைப்படி முனகினார். குளிர் எலும்புக்குள் போகிறது என்றார். சோறு காணக் கிடைப்பதில்லை, கதைக்க ஒரு தமிழ்ச்சனம் இல்லை, இது மனிதர் இருக்கிற இடமில்லை என்றார். இப்படிச் சொல்லும்போது ஓட்டல் ஜன்னலில் வெயில் காய்ந்தபடி, ஈரச் சப்பாத்தை அடுப்படியில் வைத்துவிட்டு, அடுத்த நாள் எந்தச் சரிவில் இறங்குவது என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது உள்ளதைக் கத்தியது.

கோசலை அக்கா பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை செய்கிறவர். பிள்ளைகள் இல்லை. கணவருக்குச் சுரமென்றால் இவருக்கு நெற்றி சுடும், அப்படிப்பட்ட பிறவி. பனிக்குள் அகப்பட்டுக்கொண்ட மனிதரை மீட்டுத் தரும்படி லா சப்பல் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். நேர்த்தியோடு நிற்கவில்லை, இந்தத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, தெரியாத முதலாளிமாரிடம் எல்லாம் மன்றாடி, கடைசியில் இந்தக் கொத்துக் கல்லைப் பிடித்துவிட்டார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தேருக்கு மகேந்திரராசா கீழே வந்திருந்தார். கோசலை அக்கா கற்பூரச்சட்டி எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார். வேப்பிலைக்கு மேல் வைத்தும் உள்ளங்கைகள் சிவந்துபோயிருந்தன. சட்டியை இறக்கிய கையோடு, மூச்சு வாங்க, எல்லோருக்கும் முன்னால் கணவரிடம் சொன்னார்: "உங்களுக்கு இஞ்சை வேலை எடுத்திட்டன். இனி நீங்கள் அந்தப் பனிக்குள்ளை போகத் தேவையில்லை." நின்ற பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மகேந்திரராசா அந்தக் கைகளைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மேலே போகவில்லை. பலகைகளையும் படகையும்கூட எடுத்து வரவில்லை. எடுத்து வந்தால் அவை என்ன என்று சொல்லவேண்டும். ஒரு மழைநாளில் வாடிக்கை இல்லாமல் இருந்தபோதுதான் எனக்கு இவ்வளவையும் சொன்னார். அக்காவிடம் உண்மையைச் சொன்னால் என்ன, ஓய்வுபெற்ற பிறகாவது இரண்டுபேரும் அங்கே போய் இருக்கலாமே என்று கேட்டேன். அதுதான் தன் ஆசையும் என்றார். "ஆனால் அவள் என்னைக் காப்பாத்தினவள், தம்பி. காப்பாத்தினவளிட்டை என்னெண்டு சொல்லுறது?" தேர் முடியட்டும் என்றார். தேர் முடிந்ததும் பொங்கல் வரட்டும் என்றார். இப்படியே தேரும் பொங்கலும் வந்து வந்து போயின. எனக்கு அலுத்துவிட்டது. "சொல்லித் துலையுங்கோ அண்ணை" என்று ஒருமுறை எரிந்துவிழுந்தேன். சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு ரோல்ஸ் வைத்தார்.

சொல்லும் வேலையை அவருக்கு மிச்சம் வைக்காமல் போன மே மாதம் லூசியன் வந்துசேர்ந்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம். பாரிஸில் ஏதோ அலுவலாக வந்தவர், பழைய சமையல்காரரைத் தேடி, தெருவெல்லாம் விசாரித்து வந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் கோயில் முடிந்ததும் கோசலை அக்காவும் கடைக்கு வந்து ஒத்தாசை செய்வார். அன்று வடை வாங்கப் போன நான் அங்கேயே அகப்பட்டுக்கொண்டேன்.

கிழவருக்கு மகேந்திரராசாவைக் கட்டிப்பிடித்து முடியவில்லை. பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கன்டீன் பிள்ளைகளோடு கதைத்துக் கதைத்து அக்காவின் பிரெஞ்சு அவர் கணவருடையதைவிடத் திருத்தம். ஒரு சொல்லும் தப்பவில்லை. உங்கள் கணவரைப்போல மகிழ்ச்சியான ஒரு மனிதனை நான் சமையலறையில் வைத்திருந்ததில்லை என்றார் லூசியன். வேலை முடியக் காத்திருந்து மலைக்கு ஓடுவார் என்றார். கைபேசியை எடுத்து ஒரு படத்தை ஓடவிட்டார். வெள்ளை நுரைக்குள் ஒரு சிவப்புப் படகு குதித்து வருகிறது. உள்ளே தலைக்கவசத்தோடு மகேந்திரராசா, வாயெல்லாம் பல்லாக, ஆற்றைப் பார்த்துத் தமிழில் கத்துகிறார்: "வா பாப்பம், வாடி, வா." பிறகு ஒரு சிரிப்பு. இத்தனை ஆண்டுகளில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

லூசியனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, பாவம். ஓட்டலை விற்றுவிட்டதாகவும் அதைச் சொல்லிப்போகத்தான் வந்ததாகவும் சொன்னார். "மாடியில் உங்கள் இரண்டுபேருக்கும் ஒரு வீடு ஒதுக்கி வைத்திருந்தேன், மதாம். உங்களைக் கூட்டிவரும்படி எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கன்டீனுக்கும் அப்போது ஆள் இல்லாமல் தவித்தார்கள். நீங்கள் பாரிஸை விட்டு வரமாட்டீர்கள் என்று இவர் சொல்லிவிட்டார்."

கோசலை அக்கா புன்னகையோடு நன்றி சொன்னார். கிழவருக்கு வடை கட்டிக் கொடுத்தார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, அவர் சாப்பிட்ட மேசையைத் துடைக்கத் தொடங்கினார். நான் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"நானும் வரட்டோ எண்டு உங்களைக் கேட்டனான்" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே.

மகேந்திரராசா கல்லில் ஒட்டிக்கிடந்ததைத் தகடுகளால் சுரண்டத் தொடங்கினார்.

"எனக்கு அந்த இடத்தைப் பாக்க ஆசையாய்த்தான் இருந்தது. 'நீர் வந்தால் குளிரிலை செத்துப்போவீர்' எண்டு சொன்னியள்." துணியை மடித்து மறுபக்கத்தால் துடைத்தார். "அந்தக் குளிர் முழுக்க நான் வீட்டிலை ஹீட்டர் போடேல்லை. அங்கை நீங்கள் விறைச்சுக் கிடக்க, நான் இஞ்சை சூட்டிலை படுக்கிறதோ எண்டு நினைச்சன். இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு படுத்தன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அக்கா துணியைக் கழுவிப் போட்டுவிட்டுக் கைப்பையை எடுத்தார். வீட்டுக்குப் போகிறேன் என்றார்.

மகேந்திரராசா தகடுகளைக் கீழே வைத்தார். கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து, காலைக் குளிருக்குப் போட்டு வந்து ஆணியில் தொங்கவிட்டிருந்த மனைவியின் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தார். வெளியே நல்ல வெயில். சனம் அரைக்கைச் சட்டையோடு போய்க்கொண்டிருந்தது. அக்கா அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைகளை உள்ளே விட்டார். மகேந்திரராசா குனிந்து, கோட்டின் ஜிப்பைக் கோத்து, மெல்ல மெல்லக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினார். அவர் பூட்டி முடிக்கும்வரை அக்கா நாடியை உயர்த்திக்கொண்டு நின்றார். பிறகு தெருவில் இறங்கி, ரயிலடிப் பக்கம் திரும்பி, நடந்தபடியே அந்த ஜிப்பை அடிவரைக்கும் இறக்கிவிட்டார்.