அடுப்படிக்கு வந்த ஷூ

கனகத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் மேல் எந்த விரோதமும் இல்லை. அவர்களுடைய ஷூ மேல்தான் கோபம். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வந்த புதுக் கம்பெனி ஒன்று, மெஷின் மாட்ட வந்த இரண்டு என்ஜினியர்களுக்காக ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வீட்டை கெஸ்ட் ஹவுஸாக்கி, சமைக்க அவளை வைத்திருந்தது. ஆறு மாதமாக அவள் படித்துப் படித்துச் சொல்லியும் அந்த இருவரும் சேற்று ஷூவோடு அடுப்படி வரை வந்துதான் காபி கேட்டார்கள். வாசலைக் காட்டினாள், கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தாள். அவர்களும் சிரித்தபடி அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வேறு சமயமாக இருந்தால் கரண்டியைப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். ஆனால் நிலம் கைவிட்டுப் போன பிறகு அவள் வீட்டுக்கு மாதச் சம்பளம் என்று வந்தது இது ஒன்றுதான். டிசம்பரோடு டெம்பரரி முடிகிறது. துரைகள் இருவரும் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் ஜனவரியிலிருந்து பர்மனன்ட் என்று மேனேஜர் புருஷோத்தமன் சொல்லியிருந்தார்.

அந்தப் புருஷோத்தமன்தான் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நோட்டோடு வந்து நின்றார். ஹென்க் ஹாலந்துக்காரர், வெர்னர் ஜெர்மனிக்காரர். இரண்டு நாட்டு விசேஷங்களையும் கேட்டு எழுதியிருந்தார்.

“நிக்கோலஸ்னு ஒரு சாமியாரும்மா. ரெண்டு ஊருக்கும் அவர்தான் பரிசு கொண்டாராரு. ஹாலந்துல அஞ்சாந்தேதி சாயங்காலமே பரிசைப் பிரிச்சிடுவாங்க. கூடவே கிண்டலா பாட்டு எழுதி வெப்பாங்க. ஜெர்மனில ஆறாந்தேதி காலைலதான் எடுத்துப் பாக்கணும். ஜெர்மனிக்காரருக்கு கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாள்தான் பெரிய விசேஷம். ஹாலந்துக்காரருக்கு கிறிஸ்மஸைவிட இதுதான் பெரிசாம்.”

“அப்ப ரெண்டு நாள் விருந்தா சார்?”

“எதுக்கு? பக்கத்து பக்கத்து நாடு, நம்ம வல்லமும் ஒரகடமும் மாதிரி. ஆறாந்தேதி மத்தியானம் ஒரே கேக்கா வெட்டிடலாம்.”

“போகியையும் மாட்டுப்பொங்கலையும் ஒரே நாள்ல வெச்சிக்கோன்னா உங்க வூட்ல ஒத்துப்பாங்களா சார்?”

அவர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். ஷூவைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை வாசிக்கவே இல்லை.

ஐந்தாம் தேதி சாயங்காலம் கடைக்குப் போய் மழையில் நனைந்து திரும்பியவள் அடுப்படியில் அப்படியே நின்றாள். துரைகள் ஊருக்குப் போன் பேச பூத்துக்குப் போயிருந்தார்கள். கேஸ் அடுப்பை ஒட்டி இரண்டு ஜோடி ஷூ. வெர்னருடையது பாலிஷ் போட்டுப் பளபளத்தது. ஹென்க்குடையதில் சேறு, சேற்றுக்கு நடுவில் ஒரு காரட். மறுநாள் குருமாவுக்கு அவள் எடுத்து வைத்திருந்த காரட்.

“அடப்பாவிங்களா, தின்ற பொருளைச் செருப்புலயா வெப்பாங்க?”

காரட்டைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டாள். நான்கு ஷூவையும் பின்பக்கம் தூக்கிப்போய் சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, மதில்மேல் கவிழ்த்து வைத்தாள். அடுப்படியை இரண்டு தடவை கழுவிவிட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

சற்று நேரத்தில் துரைகள் புருஷோத்தமனோடு வந்தார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஆளுக்கொரு பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார்கள். ஷூ இருந்த இடம் ஈரமாக இருந்தது. ஹென்க்கின் முகம் தொங்கிப்போயிற்று.

“இன்னாம்மா பண்ணி வெச்சே?” புருஷோத்தமன் தலையில் அடித்துக்கொண்டார். “அடுப்புகிட்ட ஷூ வெச்சாதான் சாமியார் அதுல பரிசு போடுவாராம். காரட் அவரு குதிரைக்கு.”

“இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா சார்?”

“நல்லா கேட்டே. இனிமே பர்மனன்ட்டை மறந்துடு.”

பயத்தைவிட எரிச்சல்தான் முன்னால் வந்தது. இரண்டு எவர்சில்வர் தட்டை எடுத்து மேடைமேல் டங்கென்று வைத்தாள்.

“சொல்லுங்க சார் அவங்களுக்கு. எந்த ஊரு சாமியாரா இருந்தாலும் என் அடுப்படில தட்டுலதான் வெக்கணும். குதிரைக்குக் காரட்டு நானே கழுவித் தரேன்.”

அவர் மென்று விழுங்கி மொழிபெயர்த்தார். துரைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பொட்டலங்களைத் தட்டில் வைத்தார்கள். ஹென்க் தனக்கு வந்ததை அப்போதே பிரித்தார். வெர்னர் காலை வரை தொடவில்லை. அதில் மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் இருவரும் ரப்பர் செருப்போடு ஃபேக்டரிக்குப் போவதைப் பார்த்தபோது, வேலை போயிற்று என்றே கனகம் முடிவுகட்டிவிட்டாள். மத்தியானம் கேக்கோடு வந்த புருஷோத்தமன் கையில் ஒரு காகிதம் இருந்தது.

“ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டாங்க. ஒண்ணாந்தேதிலேர்ந்து நீ பர்மனன்ட். சுத்தம், சுத்தம்னு ரெண்டு தடவை எழுதிக்கீறாங்க.”

“ஷூவோட உள்ள வர மாட்டேன்னு எழுதினாங்களா சார்?”

“அதை எழுதலை.”

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியவள் வாசலில் தன் செருப்பைத் தேடினாள். ஊக்கு குத்திய அந்தப் பழைய செருப்பின் மேல் ஒரு சாக்லேட் பொட்டலம் இருந்தது. கோணல் மாணலான தமிழெழுத்தில் ‘கனகம்’ என்று யாரோ பார்த்து எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு காரட், நன்றாகக் கழுவியது.

“ஆறு மாசமா தொண்டை கிழிய கத்தினேனே. உள்ள அத்தினி தட்டு கீது, என் செருப்பு மேலயே கொண்டாந்து வெச்சிக்கீதுங்க பாரு.”

எரிச்சலும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. காலில் பட்ட புத்தகத்தை ஒற்றிக்கொள்வதுபோல் அந்தப் பொட்டலத்தை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு காரட்டையும்.