பதினைந்தும் இருபதும்

அலோசியஸ் வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, தபால் மூலம் வானொலித் தொழில் படித்து, ஹட்டனில் ரேடியோ திருத்தும் கடை வைத்தவர். தேவாலயத்தின் சமூக நிலையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் நன்கொடையாக வந்தபோது அதன் மூடியைத் திறக்கத் துணிந்தவர் ஊரில் அவர் மட்டுமே. 1988இல் அதன் நினைவகம் போதாமல் போக, கொழும்பில் சிப் வாங்கிவந்து காலி வரிசையில் பொருத்தியவரும் அவரே.

அதன்பின் கம்ப்யூட்டர் வேலையின் நடுவில் நின்றுபோகத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக ஓடும். மத்தியானத்துக்குப் பிறகு திரையில் எழுத்துகள் குழம்பும். தோட்டத்து மக்களுக்காக அதில் அடித்த பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் பாதியில் அழிந்தன.

அதில் வேலை செய்தவள் சுகிர்தம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்தவள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிலையச் செயலாளர் பத்திநாதன் மாஸ்டர் அவள் கைதான் காரணம் என்று முடிவுகட்டியிருந்தார். மாத முடிவில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். அவள் மறுபடி கொழுந்து பறிக்கப் போக வேண்டும்.

"கொழுந்து கிள்ளுற மாதிரி கீயெல்லாம் கிள்ளுறியாமே புள்ள?" என்றார் அலோசியஸ்.

"நீங்களுமா அண்ணே? கிள்ளுனா ஒடைஞ்சிருக்கும். இது தூங்குது."

பெட்டியின்மேல் கம்பளி போர்த்தியிருந்தது. மழையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையில் போடுவது.

"எதுக்கு இது?"

"பனியில மெஷின் வெறைச்சிருமாம். மாஸ்டர் போடச் சொன்னாங்க."

அவர் கம்பளியை எடுத்தார். உள்ளே சுட்டது. அன்று மாலைவரை கம்ப்யூட்டர் நிற்கவில்லை. மாஸ்டரிடம் கம்பளிதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இதே வகை இயந்திரம் கொழும்பு வெக்கையில் ஓடுகிறது. இங்கே ஒரு கம்பளிக்கு ஏன் நிற்க வேண்டும்?

மூடியைத் திறந்தார். பழைய சிப்களில் பெயருக்குப் பின்னால் 15 என்றிருந்தது. அவர் போட்டவற்றில் 20. கொழும்புக் கடையில் இரண்டும் இருந்தன. ரேடியோவில் பதினாறு வோல்ட் கண்டென்சர் போனால் இருபத்தைந்து வோல்ட் போடலாம், கெடுதி இல்லை. அந்தப் பழக்கத்தில் பெரிய எண்ணை எடுத்திருந்தார்.

சிப்போடு தந்த தாளை அப்போதுதான் படித்தார். அது வலுவைக் குறிக்கும் எண் அல்ல, நேரம். செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால், 15 என்பது அதில் நூற்றைம்பது பங்குக்குள் பதில் சொல்லும். 20 இருநூறு வரை எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் அவ்வளவு நேரம் காத்திருக்காது. தராசு முள் நிற்குமுன் நிறையை எழுதிவிடும் கணக்கப்பிள்ளையைப்போல, கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். குளிரில் சிப் தாளில் சொன்னதைவிடச் சற்று வேகமாகப் பதில் தரும். சூடேறினால் மந்தமாகும். காலையில் ஓடியது அதனால்தான்.

மறுநாள் மாஸ்டர், "கம்பளிய எடுத்ததும் சரியாயிருச்சுல்ல. போட்டது இந்தப் பொண்ணுதானே?" என்றார்.

"போடச் சொன்னது நீங்க மாஸ்டர்" என்றார் அலோசியஸ்.

"சரி, இனிமே போட வேணாம். விஷயம் முடிஞ்சிச்சு."

"முடியல. வெயில் நாள்ல கம்பளி இல்லாமலே நிக்கும். திரும்ப இவளத்தான் சொல்வீங்க. சிப்புதான் தப்பு. நான் போட்டது."

"நீயா?"

"பெரிய நம்பர்னா ஒசத்தின்னு நெனச்சேன்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரேடியோக்காரன்கிட்ட குடுத்தேன் பாரு, என் புத்திய சொல்லணும்."

"என் தப்போட அதையும் சேத்துச் சொல்லிக்கங்க."

அலோசியஸ் தன் செலவில் பதினைந்துகளை வாங்கிவந்து மாற்றினார். நல்ல வெயில் அடித்த வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் ஓடியது. அந்த மாதம் சுகிர்தம் நிரந்தரமானாள். அடுத்த வருடம் நிலையத்தின் மூலம் இரண்டு பாடசாலைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அவற்றின் பராமரிப்பை மாஸ்டர் கொழும்பு ஆட்களிடம் கொடுத்தார்.

செய்தியைக் கடைக்கு வந்து சொன்னவள் சுகிர்தம்தான்.

"வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒங்களுக்குத்தானே அண்ணே கெடைச்சிருக்கும்?"

"கெடைச்சிருக்கும்" என்றார் அவர். பிறகு யாரோ கொண்டுவந்த ரேடியோவின் பின்பலகையைக் கழற்றத் தொடங்கினார்.