லூட் என்ற சொல்

வெள்ளிக்கிழமை மாலை ராமநாதபுரத்தில் பஸ் ஏறியதும் அந்த அழைப்பு வந்தது. நான் வேலை பார்க்கும் தனியார் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினார். 'லூட் காண்டக்ட்' பற்றித் திங்கட்கிழமை விசாரணை, கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

லூட் என்றால் எனக்குத் தெரிந்தது கொள்ளை. எங்கள் மேலாளர் ஸ்டோர் ரூமில் என் இடுப்பில் கை வைத்ததைப் பத்து நாளுக்கு முன்புதான் புகாராக எழுதி அனுப்பியிருந்தேன். பதிலுக்கு என்மேல் திருட்டுப் பழி போட்டுவிட்டார் என்றே நினைத்தேன். உச்சிப்புளியில் இறங்க மறந்து, மண்டபம் வரை போய்த் திரும்பினேன்.

புதுமடத்தில் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். சவூதியில் இருக்கும் வாப்பாவுக்கு இப்போது தெரிய வேண்டாம் என்றார். மக்ரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தபோது மின்னஞ்சலும் வந்தது. அதில் எழுத்து வேறாக இருந்தது: loot இல்லை, lewd. போனில் தேடினேன்: ஆபாசமான, அசிங்கமான நடத்தை.

நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் உம்மா கேட்டார், "அந்தச் சொல்லு ஒன்னையச் சொல்லுதா, அவனையச் சொல்லுதா?"

மறுபடி படித்தேன். 'உங்கள் கிளையில் நடந்த' என்றுதான் இருந்தது. யாருடைய நடத்தை என்று இல்லை.

ஞாயிறன்று அந்தச் சொல் பிறந்த கதையையும் படித்தேன். முதலில் பாதிரியார் அல்லாத சாதாரண ஆள் என்றுதான் அதற்குப் பொருளாம். அந்தக் காலத்தில் படித்தவர்கள் பாதிரியார்களே என்பதால் 'படிக்காதவன்' என்றானது. பிறகு கீழ்மக்கள், கடைசியில் ஆபாசம். நான் பிளஸ் டூவோடு நின்றவள். படித்தவர் பேச்சைத்தான் நம்புவார்கள் என்ற பயம் இன்னும் கூடியது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். மேலாளர்தான் முதலில் பேசினார். எனக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது, அவர் விளையாட்டாகப் பேசியதைத் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னேன்:

"சார் பேசுன இங்கிலீஷ் பாதி புரியலதான். இடுப்புல வச்ச கை புரிஞ்சுச்சு."

குழுவின் நடுவில் இருந்த அம்மா அதை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து மேலாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் உள்ளூர்க்காரர். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். தலையைக் குனிந்துகொண்டு போனவர் அவர்தான். ஆனால் நடுங்கியது நான். பக்கத்துக் கடைக்குள் ஒதுங்கி, வேண்டாத சீப்பு ஒன்றை விலை கேட்டுக்கொண்டு நின்றேன்.