'சார்ஜ்' என்ற சொல்லும் கலியமூர்த்தி அண்ணாச்சியும்

போன புதன்கிழமை காலை நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, கலியமூர்த்தி அண்ணாச்சியின் மகள் கோமதி சைக்கிளில் வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள். "அப்பா போயிட்டாருங்க அக்கா. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றாள். உள்ளே வரச் சொன்னேன். இன்னும் நாலு வூட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று போய்விட்டாள்.

அவரோடு நிலக்கரிச் சுரங்கத்தில், கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தவர்கள் இரங்கல் கூட்டத்தில் நிறையப் பேசினார்கள். அவருடைய இடது கண் போன கதையை மட்டும் எல்லோரும் ஒரே வரியில் சொல்லிக் கடந்தார்கள். எதிரே நான் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். அதை நானே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்தச் சுரங்க அலுவலகத்துக்குத் தட்டச்சராக வந்தேன். தவறு செய்ததாகத் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் ஆங்கிலத்தில் அனுப்பும் 'சார்ஜ் ஷீட்' என்ற குற்றப் பத்திரிகைகளை அடிப்பது என் வேலை. அப்படி நான் அடித்தவற்றில் ஒன்று கலியமூர்த்தியுடையது. பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியைக் கூட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தக்கூலிப் பெண்ணை, ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி இடுப்பில் எட்டி உதைத்திருக்கிறான். இவர் மண்வெட்டிக் காம்பை எடுத்து அவன் வாயில் அடித்தார். விழுந்தவனையும் விடவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்த பிறகுதான் கை நின்றது. "மொத அடியோட நிறுத்தியிருக்கணும். கை நிக்கல. அது நான்தான், வேற யாரும் இல்ல" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அந்தக் காகிதத்தில் அவருக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று, 'சார்ஜ்'. ஷிப்ட் இன்சார்ஜ் ஓய்வு பெறவிருந்த சமயம். மேஸ்திரியை அடக்கியதற்காகத் தன்னை இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள் என்று நினைத்து, மந்தாரக்குப்பத்தில் ஜாங்கிரி வாங்கிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். மறுநாள் ஷிப்ட்டே சிரித்தது. நேராக என் மேசைக்கு வந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். காகிதத்தை நீட்டி, "இதுல என்னா எழுதியிருக்குதுன்னு ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஊர்ப் பழக்கத்தில் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுவிட்டேன். "நான் மளிகைக் கடையா வச்சிருக்கேன்?" என்று கேட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு மாதச் சஸ்பென்ஷனில் பழைய ஆங்கில அகராதி ஒன்றை வாங்கினார். திரும்பி வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பஸ்ஸுக்குக் கொடுப்பது சார்ஜ், பேட்டரிக்கு ஏற்றுவது சார்ஜ், பாறையை வெடிக்கத் துளையில் போடும் மருந்தும் சார்ஜ், பொறுப்பு சார்ஜ், பழி சார்ஜ், போலீஸ் தடியோடு பாய்வதும் சார்ஜ். ஒரே வார்த்தை எப்படி இத்தனை வேலை பார்க்கும் என்பது அவர் கேள்வி. கடைசியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். பழைய லத்தீனில் வண்டிக்கு ஒரு சொல் உண்டு. அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு சொல் பிறந்தது. இதெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். அகராதியை மூடிவிட்டுச் சொன்னார்: "அப்ப எல்லாமே ஏத்துறதுதான். ஏத்துறவன் எழுதுறான், சொமக்குறவனுக்குப் படிக்கத் தெரியல." அதன்பின் அந்த அகராதியை வைத்துக்கொண்டே ஆங்கிலம் படிக்கப் பழகி, விசாரணைக்குப் போகும் தொழிலாளிகளுக்குக் காகிதத்தைப் படித்துச் சொல்லத் துணையாகப் போக ஆரம்பித்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். நுழைவாயிலில் கல் விழுந்தது, தடியடி நடந்தது. செருப்புகளும் சோற்றுத் தூக்குகளும் ரத்தத்தோடு கிடந்த சாலையை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று மாலை மேலதிகாரி ஒருவர் கையால் எழுதிய பெயர்ப்பட்டியலைத் தந்து அடிக்கச் சொன்னார். இருபத்திரண்டு பெயர்கள். எதற்கென்று எனக்குப் புரிந்தது. கேட்கவில்லை, அடித்துக் கொடுத்தேன்.

மறுநாளே பட்டியலில் இருந்தவர்களைப் போலீஸ் பிடித்துப் போனது. அங்கே அடித்த அடியில், வேலு என்ற ஒப்பந்தத் தொழிலாளியின் தம்பிக்கு இரண்டு முழங்காலும் உடைந்தன. பட்டியலை அடித்தது யார் என்பது வெளியே தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்தார்கள். ஒருவன் என் பின்னலைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினான். வயிற்றில் ஓர் உதை விழுந்தது. வேலு இரும்புக் கம்பியை ஓங்கியது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழுந்த சத்தம் கேட்டது, எனக்கு வலிக்கவில்லை. என்மேல் குனிந்து நின்றிருந்த அண்ணாச்சியின் முகத்தின் இடப்பக்கம் கிழிந்து, ரத்தம் என் புடவையில் கொட்டியது. அவர் விழாமல் நின்று, மறுபடி ஓங்கிய வேலுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாவது அடிய அடிக்காத. அத நிறுத்திட்டா போதும்" என்றார். கம்பி கீழே விழுந்தது. கூட்டம் ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, பட்டியலை அடிச்சது நான்தான்."

"தெரியும். தெரிஞ்சிதான் குறுக்க வந்தேன்" என்றார்.

போலீஸ் கேட்டபோது, ரத்தத்தில் யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். நான் வேலுவின் பெயரைச் சொன்னேன். அதற்காக அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பார்த்ததச் சொன்னீங்க" என்றதோடு சரி.

விருத்தாசலம் கோர்ட்டில் வேலுவுக்குக் குற்றப் பத்திரிகை நகல் கொடுத்தார்கள். அதுவும் ஆங்கிலம். அவனுக்கு வக்கீல் வரவில்லை. சாட்சி சொல்ல வந்திருந்த நான் தள்ளி நின்றேன். கண்ணில் கட்டோடு அண்ணாச்சி போய் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். காகிதத்தை வாங்கி ஒற்றைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு, வரிவரியாகத் தமிழில் சொன்னார். கல் எறிந்தது, ஜீப்புக்குத் தீ வைத்தது, ஒரு காவலரைக் குத்தியது, கம்பியால் அடித்தது. முடித்துவிட்டு, "இவ்ளோ ஏத்தியிருக்கான். இதுல உன்னுது எது, உன்னுது இல்லாதது எது? அத மட்டும் உள்ள சொல்லு" என்றார்.

வேலு அவர் முகத்தைப் பார்க்காமல், "கம்பி என்னுதுங்க. மத்தது எதுவும் இல்லீங்க" என்றான்.

நீதிபதி முன்னாலும் அப்படியே சொன்னான். மற்றவற்றுக்குச் சாட்சி நிற்கவில்லை. கம்பிக்கு மட்டும் எட்டு மாதம் கிடைத்தது. அவன் சிறையில் இருந்த நாளெல்லாம் அவன் தம்பியைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனது அண்ணாச்சி. என்னால் அந்த வீட்டு வாசலுக்குக்கூடப் போக முடியவில்லை.

அடுத்த வருடம் இன்னொரு பட்டியல் என் மேசைக்கு வந்தது. எதற்கு என்று கேட்டேன். கேட்பது உன் வேலையில்லை என்றார்கள். அடிக்க மாட்டேன் என்றேன். ஸ்டோருக்கு மாற்றினார்கள், இன்றும் திருகாணி எண்ணிக்கை அடித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் பாராட்டவில்லை. ஸ்டோரில் மின்விசிறி இருக்கிறதா என்று கேட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கோர்ட்டில் வேலுவிடம் அவர் கேட்ட அந்தக் கேள்வியைத்தான். வேலு அன்றே பதில் சொல்லிவிட்டான். எனக்கு இத்தனை வருடம் ஆனது. தடி என்னுடையதல்ல, கம்பி என்னுடையதல்ல. அந்த இருபத்திரண்டு பெயர்கள் என்னுடையவை.